சுயமதிப்பீட்டுப் படிவத்தில் எனக்கு நானே எத்தனை மதிப்பெண் போடுவது?

கேள்வி: மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத் துறையில் இணைப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். ஒவ்வோர் ஆசிரியரும் தம் கற்பித்தலைத் தாமே மதிப்பிட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டுப் படிவம் ஒன்றைத் தர வேண்டும் என்று கடந்த ஆண்டு முதல் எங்கள் கல்லூரியில் விதித்திருக்கிறார்கள். துறையில் ஏறக்குறைய எல்லோரும் எல்லாக் கட்டங்களிலும் 4 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் யோசித்துப் பார்த்துச் சிலவற்றுக்கு 2 என்றும் 3 என்றும் எழுதினேன். துறைத்தலைவர் என்னை அழைத்து, "உங்களை நீங்களே ஏன் குறைத்துக்கொள்கிறீர்கள்? பதவி உயர்வுக் கோப்பில் இதுவும் சேரும்" என்றார். மாணவர்களின் கருத்துப் படிவங்களைப் பார்த்தால், "நன்றாகப் புரிகிறது" என்று ஒருவரும் "கேள்வியாகக் கேட்கிறார், நேராகப் பாடத்தைச் சொல்லலாம்" என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் ஆசிரியர் ஒருவர் தம் கற்பித்தலைத் தாமே மதிப்பிட முடியுமா? முடியும் என்றால் எப்படி? இந்தப் படிவத்தை நான் என்ன செய்வது?

பதில்:

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் தம் கற்பித்தலுக்குத் தாமே சரியான மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது. உங்களாலும் முடியாது, எல்லாக் கட்டங்களிலும் 4 எழுதிய உங்கள் சக ஆசிரியர்களாலும் முடியாது, ஆசிரியர் பயிற்சிப் பட்டறைகள் நடத்தும் என்னாலும் முடியாது. ஆனால் வகுப்பில் என்ன நடந்தது என்பதைக் காட்டும் சான்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தாம் நினைத்ததையும் உண்மையில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க எந்த ஆசிரியராலும் முடியும். உங்கள் கல்லூரிப் படிவம் முதல் வேலையைக் கேட்கிறது. உங்கள் மனம் தேடுவது இரண்டாவது வேலையை. உங்களுக்கு ஏற்பட்டிருக்கும் சங்கடத்துக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மதிப்பெண் போட முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. 1999இல் குரூகர், டன்னிங் என்னும் இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசிக் கால்பங்கில் நின்றவர்கள், அதாவது நூறு பேரில் சராசரியாக 12 பேரை மட்டுமே முந்தியிருந்தவர்கள், தாங்கள் 62 பேரை முந்தியிருப்பதாக நம்பினார்கள். மருத்துவர்களைப் பற்றியே 2006இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மருத்துவர்கள் தம்மைப் பற்றிச் சொன்னதையும் வெளியிலிருந்து அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த 20 ஒப்பீடுகளில், 13இல் இரண்டுக்கும் இடையே தொடர்பு மிகக் குறைவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை, அல்லது தலைகீழாக இருந்தது. திறமை குறைந்தவர்களும், தம்மீது மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தவர்களுமே தம்மை அதிகம் தவறாக எடைபோட்டிருந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. பல ஆண்டுகள் முறையாகப் பயின்று, தேர்வெழுதி, மூத்தவர்களின் கண்காணிப்பில் பழகிய மருத்துவ வேலையிலேயே நிலைமை இதுவென்றால், பெரும்பாலோருக்கு யாரும் முறையாகச் சொல்லித்தராத கற்பித்தல் வேலையில் நம் சொந்த மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் நீங்கள் எழுதிய 2, 3 மட்டும் சரியா என்று கேட்பீர்கள். அது நேர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. துல்லியமானது என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மருத்துவ ஆசிரியர்களிடம் பயிற்சிக்கு முன் ஒரு முறை மதிப்பெண் கேட்டு, பயிற்சி முடிந்தபின் "இங்கே வருவதற்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள்" என்று மறுபடியும் கேட்டால், முன்பு தமக்குத் தாமே கொடுத்ததைவிடக் குறைவான மதிப்பெண்ணையே கொடுக்கிறார்கள். நல்ல கற்பித்தல் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அளவுகோலே இடையில் மாறிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்டில் கெல்லி ஸ்கெஃப் குழுவினர் மருத்துவ ஆசிரியர்களிடமே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். எனவே சென்ற ஆண்டு 4 எழுதியவர் இந்த ஆண்டு 3 எழுதினால், அவர் பின்தங்கிவிட்டார் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவருக்குப் பார்வை கூர்மையாகியிருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்கும் நிர்வாகம் இதைக் கவனிக்காமல் விட்டுவிடும் என்பதுதான் என் கவலை.

மருத்துவர்களுக்கு இது குறிப்பாகக் கடினமாக இருப்பதற்கு நம் தொழிலின் அமைப்பும் ஒரு காரணம். நோயாளிக்கு மருந்தை மாற்றினால், மறுநாள் காலை ரவுண்ட்ஸில் காய்ச்சல் அட்டையும் ரத்தப் பரிசோதனையும் நம் முடிவு சரியா தவறா என்று சொல்லிவிடுகின்றன. கற்பித்தலில் அப்படி எதுவும் திரும்பி வருவதில்லை. நாம் கற்பித்த மாணவர், சில ஆண்டுகள் கழித்து, எங்கோ ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில், நள்ளிரவில், வயிற்றுவலி என்று வந்தவரின் மாரடைப்பைத் தவறவிடாமல் கண்டுபிடித்தால் அது நம் காதுக்கு எட்டுவதில்லை, தவறவிட்டாலும் எட்டுவதில்லை. எட்டினாலும், அதில் நம் பங்கு எவ்வளவு, மற்ற ஆசிரியர்களின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. விளைவு கண்ணில் படாத வேலையை மனிதர்கள் எதை வைத்து மதிப்பிடுவார்கள்? தம் முயற்சியை வைத்து, அல்லது வகுப்பு முடிந்ததும் தமக்கு ஏற்பட்ட நிறைவை வைத்து. தடையின்றிப் பேசி முடித்த விரிவுரை நமக்கு மிகுந்த நிறைவைத் தரும். மாணவர்கள் தடுமாறி, தவறாகச் சொல்லி, திருத்திக்கொண்ட வகுப்பு நமக்கு அரைகுறையாகத் தோன்றும். கற்றல் இரண்டாவதில்தான் அதிகம் நடந்திருக்கக்கூடும்.

பட்டறைகளுக்கு வரும் ஆசிரியர்கள் இந்தப் படிவங்களைப் பற்றிப் பேசுவதைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். சிலர் இதை ஆண்டுக்கொரு முறை வந்து போகும் காகித வேலையாக மட்டுமே பார்க்கிறார்கள். "நான் முதலில் மருத்துவர், பிறகுதான் ஆசிரியர்; நோயாளிகள் காத்திருக்கும்போது இதற்கு ஏது நேரம்" என்பவர்களும் உண்டு; வெளிநோயாளர் பிரிவின் நெரிசலைப் பார்த்தவர்கள் அதை வெறும் சாக்கு என்று ஒதுக்க மாட்டார்கள். இன்னும் சிலர் வெளிப்படையாகவே அஞ்சுகிறார்கள்: குறையை நாமே எழுதிக்கொடுத்தால் நாளை அதையே நமக்கு எதிராகத் திருப்புவார்கள் என்று. இவர்களில் பெரும்பாலோர், கோப்புக்குப் போகாது என்று தெரிந்த ஓர் அறையில், தம் வகுப்புகளைப் பற்றி மிகவும் கூர்மையாகவும் மனம்திறந்தும் பேசுகிறார்கள். ஆகவே இவர்களுக்குச் சுயமதிப்பீட்டில் வெறுப்பு இருப்பதாக நான் கருதவில்லை. தம்மை ஆராய்ந்து பார்ப்பதும் தம்மை விற்றுக்காட்டுவதும் ஒரே தாளில் கேட்கப்படுவதைத்தான் அவர்கள் ஏற்க மறுக்கிறார்கள், அது நியாயமும்கூட.

இனி எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். "நான் நல்ல ஆசிரியரா?" என்ற கேள்வியை முதலில் கைவிடுங்கள். அதற்கு யாரிடமும் விடை இல்லை. விரிவுரை அரங்கில் சிறந்து விளங்குபவர் படுக்கையருகே தடுமாறலாம். நோயாளியின் முன் அருமையாகக் கற்பிப்பவர் பட்டமேற்படிப்பு மாணவரின் ஆய்வேட்டுக்கு வழிகாட்டுவதில் பின்தங்கலாம். ஸ்கெஃப் குழுவினரே மருத்துவக் கற்பித்தலை ஏழு கூறுகளாகப் பிரித்துத்தான் பார்த்தார்கள்: கற்கும் சூழல், வகுப்பை நடத்திச் செல்லும் விதம், இலக்கைத் தெரிவித்தல், புரியவும் நினைவில் நிற்கவும் வைத்தல், மாணவரை மதிப்பிடுதல், பின்னூட்டம் தருதல், தாமாகக் கற்கத் தூண்டுதல். இந்த ஏழில் ஒரு பருவத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி எவ்வளவு சிறிதாகிறதோ, நம் விடை அவ்வளவு நம்பகமாகிறது. கெவின் ஈவா, கிளென் ரெகேர் என்னும் மருத்துவக் கல்வி ஆய்வாளர்கள் காட்டிய ஓர் அழகான செய்தி இது: தம் ஒட்டுமொத்தத் திறமையைச் சரியாகச் சொல்லத் தெரியாத மனிதர்கள்கூட, குறிப்பிட்ட ஒரு கேள்வியில் தாம் தவறப்போகும் இடத்தில் தாமாகவே தயங்கி நிற்கிறார்கள். வகுப்பில் உங்களுக்கு அத்தகைய தயக்கம் ஏற்பட்ட இடங்களை, வகுப்பு முடிந்த உடனே இரண்டு வரியில் குறித்துவையுங்கள். ஆண்டு இறுதியில் நினைவிலிருந்து போடும் மதிப்பெண்ணைவிட அந்த இரண்டு வரி மதிப்புள்ளது.

சான்று திரட்டுவதற்கு என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்ட வழி ஒலிப்பதிவு. வார்டில் அடுத்த முறை வகுப்பு எடுக்கும்போது, நோயாளியிடமும் மாணவர்களிடமும் முறையாக ஒப்புதல் பெற்று, ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். நோயாளியின் பெயரும் அடையாளமும் பதிவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவமனை விதிகள் இதை அனுமதிக்கின்றனவா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். பதிவைக் கேட்பதற்கு முன், ஒரு தாளில் உங்கள் ஊகங்களை எழுதுங்கள்: மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு நீங்கள் பேசினீர்கள், எத்தனை கேள்விகள் கேட்டீர்கள், ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். இந்த ஊகத்தை முன்கூட்டியே எழுதுவதுதான் முழு முயற்சிக்கும் அச்சாணி. எழுதாமல் கேட்டால், "இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டுவிடும்.

பதிவில் வழக்கமாகக் கேட்கக் கிடைப்பது இப்படி இருக்கும். "நாற்பத்தைந்து வயதுப் பெண், மூன்று மாதமாக மூச்சுத்திணறல்" என்று மாணவி தொடங்குகிறார். அடுத்த வாக்கியத்துக்கு அவர் போவதற்குள் ஆசிரியர், "படுத்தால் கூடுகிறதா?" என்கிறார். "ஆமாம் சார்." "அப்படியென்றால் எதை நினைக்க வேண்டும்?" மிகக் குறுகிய மௌனம். "இதயச் செயலிழப்பு, இல்லையா? சரி, கழுத்துச் சிரையைப் பார்த்தீர்களா?" என்று ஆசிரியரே தொடர்கிறார். நல்ல கலந்துரையாடல் நடந்தது என்றுதான் அந்த ஆசிரியர் நினைவில் வைத்திருப்பார், ஏனென்றால் அவர் நிறையக் கேள்விகள் கேட்டார். ஆனால் அந்த மாணவி தாமாக யோசித்துச் சொன்ன வாக்கியம் பதிவில் ஒன்றுகூட இல்லை. நோயாளியின் கதையை ஒரு முறையாவது முழுவதுமாகச் சொல்லி முடிக்கவும் அவருக்கு வாய்ப்பில்லை. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிகளாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, விடையே வராமல் போவது குறைந்தது, மாணவர்கள் தாமாகக் கேள்வி கேட்பது கூடியது. மூன்று நொடி என்பது படிக்கும்போது அற்பமாகத் தெரியும். நோயாளி, செவிலியர், எட்டு மாணவர்கள் சூழ நிற்கையில் அது எவ்வளவு நீளமானது என்பதை நீங்கள் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்குக்கூட நேரமில்லாத நாள்களில், வகுப்பு முடிந்ததும் மாணவர்களிடம் பெயர் எழுதாமல் ஒரு துண்டுத் தாளில், இன்று கற்றதில் முக்கியமானது எது, இன்னும் குழப்பமாக இருப்பது எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் எழுதும் அதே நேரத்தில், அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று நீங்கள் நினைப்பதை நீங்களும் எழுதுங்கள். கழுத்துச் சிரைத் துடிப்பைத் தமனித் துடிப்பிலிருந்து பிரித்தறிவதே அன்றைய பாடம் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். பாதித் தாள்களில், உடலில் தேங்கிய நீரை வெளியேற்றத் தரும் ஃபுரோசமைடின் மருந்தளவு என்று இருக்கும், ஏனென்றால் கடைசி ஐந்து நிமிடங்களில் யாரோ கேட்ட கேள்விக்கு நீங்கள் அதை விரிவாக விளக்கினீர்கள். இந்த இடைவெளியைப் பார்த்தபின் எந்தப் படிவமும் தேவைப்படாது. இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால், ஒரு வாரம் கழித்து வேறொரு நோயாளியிடம் அதே பரிசோதனையைச் செய்யச் சொல்லி, குறுக்கிடாமல் நின்று பாருங்கள். நோயாளியை 45 டிகிரி சாய்வில் வைக்கிறாரா, தலையைச் சற்றே திருப்பச் சொல்கிறாரா, துடிப்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறாரா, மூச்சோடு அது ஏறி இறங்குவதைக் கவனிக்கிறாரா. மாணவர் தவறவிடும் படி உங்கள் வகுப்பிலும் தவறியிருக்க வாய்ப்புண்டு. நீண்ட காலம் செய்து பழகியவர்களுக்குக் கை தானாகச் செய்யும் படிகள் வாய்வழியாக வெளியே வருவதே இல்லை.

மாணவர்களின் கருத்துப் படிவங்கள் முரண்படுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவற்றைத் தூக்கி எறியவும் வேண்டாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மருத்துவக் கல்வியில் 1973இல் வெளியான ஒரு சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும்: நடிகர் ஒருவருக்கு டாக்டர் ஃபாக்ஸ் என்று பெயரிட்டு, உள்ளடக்கமே இல்லாத விரிவுரை ஒன்றைக் கவர்ச்சியாகப் பேசப் பயிற்சி கொடுத்து, மனநல மருத்துவர்கள் உள்ளிட்ட கல்வியாளர்கள் முன் நிறுத்தினார்கள், கேட்டவர்கள் அதை நன்றாகவே பாராட்டி எழுதினார்கள். மறுபக்கத்தில், 2019இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், தாமே சிக்கல்களைத் தீர்த்துக் கற்ற மாணவர்கள், மெருகான விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்விலோ அவர்களே அதிகம் பெற்றார்கள். ஆகவே "கேள்வியாகக் கேட்கிறார்" என்ற புகார் உங்கள் பலத்தையே குறிக்கலாம். ஆனால் அதே மாணவர் "மற்றவர்கள் முன் அவமானமாக இருக்கிறது" என்ற பொருளில் எழுதியிருந்தால், அது ஒருவர் மட்டும் எழுதியதாக இருந்தாலும் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கற்றோம் என்பதை மாணவர்களால் சரியாகச் சொல்ல முடியாமல் போகலாம். வகுப்பில் பயமின்றி "தெரியாது" என்று சொல்ல முடிந்ததா, நோயாளியைத் தாமே பரிசோதிக்க வாய்ப்புக் கிடைத்ததா, தவறு செய்தபோது தனியே அழைத்துத் திருத்தினார்களா என்பவற்றை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை.

சக ஆசிரியர் ஒருவரைப் பின்வரிசையில் உட்காரச் சொல்வதும் உதவும். வேறு துறையினராக இருந்தால் இன்னும் நல்லது, பாடத்தின் உள்ளடக்கத்தில் அவர் கவனம் சிக்கிக்கொள்ளாது. "எப்படி இருந்தது?" என்று பின்னால் கேட்டால் "நன்றாக இருந்தது" என்பதுதான் பதிலாக வரும். எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி அமர்த்துங்கள்: எந்தெந்த மாணவர் ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை என்று மட்டும் குறித்துத் தாருங்கள், போதும்.

கடைசியாக, படிவமும் துறைத்தலைவரும். எழுதிய மதிப்பெண்ணை மாற்றாதீர்கள். அது துல்லியமானதல்ல என்று நானே சொன்னேன். ஆனால் உங்களுக்கு உண்மையெனப் பட்டதை மாற்றி எழுதுவது வேறு விஷயம், ஓராண்டு அப்படி எழுதினால் பிறகு அந்தப் படிவம் உங்களுக்கு எதையும் சொல்லித்தராது. எண்ணை மட்டும் தனியாக நிற்க விடாமல், குறிப்புப் பகுதியில் காரணத்தைச் சேருங்கள். "பின்னூட்டம் தருதல்: 2. ஒலிப்பதிவில் பார்த்தபோது, மாணவரின் தவறைச் சுட்டியபின் எப்படிச் சரிசெய்வது என்று பெரும்பாலும் நான் சொல்லவில்லை. இந்தப் பருவத்தில் ஒவ்வொரு வார்டு வகுப்புக்குப் பின்னும் ஒரு மாணவரிடமாவது தனியாக, அவர் செய்ததைக் குறிப்பிட்டுப் பேசவிருக்கிறேன். பருவ இறுதியில் மீண்டும் பதிவு செய்து பார்ப்பேன்" என்பது போல. பதவி உயர்வுக் குழுவில் அமரும் மூத்த ஆசிரியருக்கு, காரணமில்லாத வரிசையான 4களைவிட இது அதிகம் சொல்லும் என்றே நம்புகிறேன். ஆனாலும் எல்லாக் குழுக்களும் அப்படிப் படிக்கும் என்று உறுதி கூற முடியாது என்பதால், உங்கள் துறைத்தலைவரின் எச்சரிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர் உங்கள் நலனை எண்ணித்தான் சொல்லியிருக்கிறார்.

அவரிடமே ஒரு கோரிக்கை வையுங்கள். பதவி உயர்வுக் கோப்புக்கு, எடுத்த வகுப்புகள், உருவாக்கிய பாடப்பொருள்கள், சக ஆசிரியரின் பார்வைக் குறிப்பு ஆகியவை போகட்டும். மதிப்பெண் இல்லாத தனிச் சுயமதிப்பீட்டுத் தாள் ஒன்று துறைக்குள்ளேயே இருக்கட்டும், அதைப் பருவத்துக்கொரு முறை துறைக் கூட்டத்தில் விரும்புகிறவர்கள் மட்டும் பகிரட்டும். முதல் கூட்டத்தில் அவரே தம் வகுப்பைப் பற்றிப் பேசினால் மற்றவர்களின் அச்சம் பெருமளவு தணியும். அவர் இப்போதைக்குத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். உங்கள் துறையில் மேலும் ஒருவரோ இருவரோ ஒத்துக்கொண்டால், ஆளுக்கொரு வார்டு வகுப்பைப் பதிவு செய்து, ஊகத் தாளையும் பதிவையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதிலிருந்து இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். அதற்கு யாருடைய படிவமும் தேவையில்லை.